கல்யாண டிஸ்க்குகளை ஃபைலாக மாற்றுவது: எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய கல்யாண சி.டி., காதுகுத்து டி.வி.டி. வைத்திருக்கும் வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான். ப்ளேயர் ரிப்பேர், புது லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிடலாமா? ஏற்றலாம். உடனே அடுத்த கேள்வி வரும்: "ஒரு டிஸ்க்கை எவ்வளவு சின்னதாக்கலாம்?" இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். டிஸ்க்கிலிருந்து படத்தை வெளியே எடுப்பது ஒரு வேலை. எடுத்ததைச் சுருக்குவது வேறு வேலை. முதலாவதற்குக் கெடு இருக்கிறது. இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் செய்யலாம். இரண்டையும் ஒரே மூச்சில் முடித்து, சுருக்கிய ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறார்களே, அந்த ஒரு வழியைத்தான் நான் வேண்டவே வேண்டாம் என்பேன். மற்ற வழிகளைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கலாம்.

கெடு எதனால் என்றால், கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி எடுத்தது. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்தது அப்படி இல்லை. அதில் ஒரு சாயப் பூச்சு, அதை லேசர் சுட்ட தடம்தான் படம். வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. நமக்குச் சூடு இல்லை, ஆனால் ஈரத்துக்குக் குறைவே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் அடித்து ஊற்றும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் நாள்கணக்கில் வெயிலே தெரியாது. பீரோவில் வைத்த கம்பளிக்கே பூஞ்சை பிடிக்கிற ஊரில் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கிடக்கும் டிஸ்க் மட்டும் தப்புமா?

இன்னொன்று. சி.டி.யில் படம் இருக்கும் படலம், பெயர் எழுதுகிற மேல்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அதனால் பளபளப்பான அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் ஆபத்து. பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி "திருமணம் பாகம் 2" என்று எழுதியிருந்தால் அங்கேயே படம் போயிருக்கலாம். டி.வி.டி. இரண்டு மெல்லிய தட்டுகளை ஒட்டிச் செய்தது, படலம் நடுவில் இருக்கிறது; கொஞ்சம் பாதுகாப்பு. ஆக, கைவசம் இரண்டும் இருந்தால் சி.டி.க்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஊட்டி இந்து நகரில் ஃபிலிமே தயாரித்த ஊர் இது. 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் கருப்பு வெள்ளைச் சரக்கில் எடுத்த குடும்பப் படங்கள் பல வீடுகளில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகின்றன. இன்றும் முகம் தெரிகிறது. அதற்கு எத்தனையோ வருஷம் பிறகு வந்த சி.டி.யைப் போட்டால் ட்ரைவ் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு வெளியே தள்ளுகிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் தேர்வு: ஸ்டூடியோவில் கொடுப்பதா, வீட்டிலேயே செய்வதா?

ஸ்டூடியோவின் நல்ல பக்கம் தெரிந்ததே. நமக்கு வேலை இல்லை. ஹேண்டிகேமில் எடுத்து முடித்துவைக்காமல் விட்ட சின்ன டிஸ்க்குகள் இருந்தால் அவை சாதாரண ட்ரைவில் காலி டிஸ்க் மாதிரிதான் தெரியும். விவரம் தெரிந்த ஆளிடம் கொடுப்பதே நல்லது. எடுத்த கேமராவே வேலை செய்கிற நிலையில் இருந்தால், அதன் மெனுவில் 'ஃபைனலைஸ்' கொடுத்துப் பாருங்கள், ஸ்டூடியோ செலவு மிச்சம்.

கெட்ட பக்கம், என்ன செய்து தருகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு கோத்தகிரி வீட்டுக் கல்யாணப் படம் அப்படி ஒரு கடைக்குப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தேன். முகூர்த்தப் பகுதி ஒரு மணி நேரம், ஃபைல் 350 எம்பி. டி.வி.யில் போட்டால் கல்யாணப்பெண் முகம் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல அகலம். பக்கத்தில் நிற்கும் நாத்தனார் ஒரு சுற்று பருத்துத் தெரிந்தார். பழைய 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறார்கள். அட்சதை விழும் நேரத்தில் மணவறை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. பெயர் மட்டும் 'எச்.டி. கன்வர்ஷன்'. டி.வி.டி.யில் இருப்பது 720-க்கு 576 புள்ளிதான். அதை 1920-க்கு 1080 ஆக்கினால் ஃபைல் பெரிதாகுமே தவிர, இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? செயற்கை நுண்ணறிவு வைத்துத் தெளிவாக்குகிறோம் என்று இப்போது சொல்கிறார்கள். அது இல்லாத விவரத்தைத் தானே ஊகித்து வரையும். பாட்டியின் சுருக்கமெல்லாம் போய் மெழுகு பொம்மை முகமாகிவிடும். வேடிக்கைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம், மூலமாக வைத்துக்கொள்ள முடியாது.

ஸ்டூடியோவில்தான் கொடுப்பது என்று முடிவானால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: "அண்ணா, டி.வி.டி.க்கு ஐ.எஸ்.ஓ. இமேஜ் அப்படியே வேணும், அப்புறம் எம்பி4 தனியா போட்டுக் கொடுங்க." ஐ.எஸ்.ஓ. என்பது முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக எடுத்த நகல், கீழே சொல்கிறேன். இப்படிக் கேட்டால் முழிக்கிற கடையில் கொடுக்காதீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போகிற வேலை எப்படியும் வரும், அங்கே விசாரிக்கலாம். கூரியரில் மட்டும் அனுப்பவேண்டாம். வேறு பிரதி இல்லாத பொருள் அது.

வீட்டில் செய்வதற்கு வேண்டியது ஒரு யு.எஸ்.பி. டி.வி.டி. ட்ரைவ். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம். மென்பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் துடைத்தால் வட்டமான கீறல் விழும், லேசருக்கு அதுதான் பெரிய தொல்லை. டூத்பேஸ்ட் வைத்தியம் வேண்டாம்.

எந்த வடிவில் நகல் எடுப்பது என்பதில் டி.வி.டி.க்கு நாலு வழி இருக்கிறது. பலரும் செய்வது, டிஸ்க்கைத் திறந்து 'வீடியோ டி.எஸ்.' ஃபோல்டருக்குள் போய் பெரிய வி.ஓ.பி. ஃபைல்களை மட்டும் இழுத்துப் போடுவது. நான்கிலும் மோசமானது இதுதான். படம் 1 ஜிபிக்கு ஒரு துண்டாக, காட்சி நடுவிலோ பேச்சு நடுவிலோ பாராமல் வெட்டப்பட்டிருக்கும். எது எதோடு சேரும் என்ற குறிப்பு பக்கத்திலிருக்கும் சின்ன ஐ.எஃப்.ஓ. ஃபைலில் இருக்கிறது; அதை விட்டுவிட்டு வந்துவிடுவோம்.

ஐ.எஸ்.ஓ. இமேஜ் என்பது முழு டிஸ்க்கின் அச்சுப் பிரதி. மெனு, அத்தியாயம், ஸ்டூடியோக்காரர் ஆசை ஆசையாகப் போட்ட ரோஜாப்பூ விரியும் டைட்டில் எல்லாம் அப்படியே இருக்கும். வி.எல்.சி. ப்ளேயர் மென்பொருளில் நேராக ஓடும். இடம், முழு டி.வி.டி.க்கு 4.7 ஜிபி. மேக்எம்கேவி என்ற மென்பொருள் மூலம் எம்.கே.வி. ஃபைலாக எடுத்தால் மெனு போய்விடும். படமும் ஒலியும் துளி மாறாமல் ஒரே ஃபைலாக வரும், அளவு ஏறக்குறைய அதேதான். நாலாவது, நேராக ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக்குவது. இதில்தான் மூலம் கைநழுவுகிறது.

கீறல் இல்லாத டிஸ்க்குக்கு ஐ.எஸ்.ஓ., அதுவே என் தேர்வு. படிக்க அடம்பிடிக்கும் டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்று லினக்ஸில் ஒரு கருவி இருக்கிறது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு மறுபடி மறுபடி வந்து முயன்று பார்க்கும். எதுவரை படித்தது என்பதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் ஒரு சில்வர் ஓக் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஹேண்ட்பிரேக் அப்படித் தொடராது. பாதியில் நின்ற ஃபைலை முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பாக இருந்தால் நல்லது.

வி.சி.டி., அதாவது சி.டி.யில் எழுதிய வீடியோவின் கதை வேறு. உள்ளே 'எம்பெகாவ்' (MPEGAV) என்ற ஃபோல்டரில் .DAT ஃபைல் இருந்தால் அது வி.சி.டி. சாதாரண டேட்டா சி.டி.யில் பிழை திருத்த எழுதிவைக்கும் கூடுதல் தகவலை விட்டுவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே நிரப்பியிருப்பார்கள். அதனால்தான் ஒரு சி.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் அடங்கியது. அதனால்தான் சின்னக் கீறலுக்கே காப்பி பாதியில் நிற்கிறது. இதற்கு ஐ.எஸ்.ஓ. சரிப்படாது. இம்க்பர்ன் மாதிரி மென்பொருளில் 'பின்' (.bin), 'க்யூ' (.cue) என்று இரட்டை ஃபைலாக எடுக்கவேண்டும். ட்ரைவின் வேகத்தைக் குறைத்து வைத்தால் அடம்பிடிக்கும் டிஸ்க் சில சமயம் இறங்கி வரும்.

வி.சி.டி.யைச் சுருக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். 352-க்கு 288 புள்ளி, ஒரு மணி நேரம் 600 எம்பி சொச்சம். ஏற்கெனவே பிழிந்து எடுத்ததுதான். டி.வி.யில் ஓடுவதற்காக ஒரு எம்பி4 பிரதி போட்டுக்கொள்ளலாம், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மூலத்தைத் தொடவேண்டாம்.

இப்போது இடக் கணக்கு. சுருக்கவேண்டும் என்ற ஆசை சி.டி. காலத்து ஆசை, அப்போது ஹார்ட்டிஸ்க் விலை அப்படி. இன்று 1 டிபி ஹார்ட்டிஸ்க்கில் முழு டி.வி.டி.க்கள் 200-க்கு மேல் ஐ.எஸ்.ஓ.வாக அப்படியே உட்காரும். ஒரு குடும்பத்தில் அத்தனை டிஸ்க் யாரிடம் இருக்கிறது? கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, பள்ளி ஆண்டு விழா எல்லாம் சேர்த்தாலும் கால்வாசி நிறையாது. அதனால் வைத்துக்கொள்வதற்காகச் சுருக்கத் தேவையில்லை. சுருக்குவது அடுத்தவருக்குக் கொடுக்க, டி.வி.யில் பென்டிரைவ் குத்திப் பார்க்க. இப்படிப் பிரித்துக்கொண்டால் எந்த கோடெக், அதாவது எந்தச் சுருக்கும் முறை, என்ற சண்டையும் பாதி அடங்கிவிடும்.

மீதிப் பாதி எச்.264-ஆ எச்.265-ஆ என்பது. 2003-இல் வந்த எச்.264 இன்று கையில் கிடைக்கும் எந்த டி.வி.யிலும் போனிலும் ஓடும். 2013-இல் வந்த எச்.265 அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் அடக்கும். 4கே படத்துக்கு அது பெரிய லாபம். நம் டி.வி.டி.க்கு? விநாடிக்கு 2 மெகாபிட் என்று எச்.264-இல் வைத்தால் ஒரு மணி நேரம் 900 எம்பி. எச்.265 அதை 600 பக்கம் இறக்கலாம். அந்த 300 எம்பிக்காகச் சித்தப்பா வீட்டுப் பழைய டி.வி.யில் 'இந்த ஃபைலை இயக்க முடியாது' என்று வரவழைக்க வேண்டுமா? விண்டோஸிலேயே சில கணினிகளில் எச்.265-க்குத் தனியாகக் காசு கொடுத்து ஒரு துணைமென்பொருள் போடச் சொல்லும். 2018-இல் வந்த ஏவி1 இன்னும் திறமைசாலி, ஆனால் புது கருவிகளில்தான் சிரமமில்லாமல் ஓடும். இந்த வேலைக்கு இப்போது வேண்டாம். எச்.264, எம்பி4, ஒலிக்கு ஏஏசி 160 கிலோபிட். முடிந்தது.

எவ்வளவு சுருக்கலாம் என்பதில் மட்டும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: மூடுபனி. சுருக்கும் மென்பொருள், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் பெரிய வித்தியாசம் இல்லாத இடத்தைப் பார்த்தால் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று தகவலைக் குறைத்துவிடும். தொட்டபெட்டாவில் எடுத்த சுற்றுலாப் படத்தில் பனி மெல்ல ஏறி வருகிறது, வெள்ளையிலிருந்து சாம்பல் வரை நூறு சாயல். 500 கிலோபிட்டில் சுருக்கிப் பாருங்கள்: பனி பட்டை பட்டையாகப் பிரியும், சதுரம் சதுரமாக அசையும், சில விநாடிக்கு ஒரு முறை மொத்தப் பனியும் ஒரு குலுங்கு குலுங்கும். பனி விலகித் தேயிலைத் தோட்டம் தெரிந்தால் அதற்கு நேர்மாறான தொல்லை. லட்சம் இலை, ஒவ்வொன்றும் காற்றில் ஆடுகிறது. தகவல் போதாமல் எல்லாம் பச்சைக் குழம்பாகும். கல்யாண மண்டபத்துக்குள்ளே ஹாலஜன் லைட் எட்டாத மூலைகளில் கேமராவின் புள்ளி இரைச்சல் வேறு. சமவெளியில் எடுத்த பளிச்சென்ற படத்துக்குச் சொல்லும் அளவு இங்கே பற்றாது.

அதனால் 'ஃபைல் இவ்வளவு எம்பி வரவேண்டும்' என்று அளவை நிர்ணயிப்பதைவிட, தரத்தை நிர்ணயித்துவிட்டு அளவை அதன்போக்கில் விடுவது நல்லது. ஹேண்ட்பிரேக்கில் ஆர்.எஃப். என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். டி.வி.டி. தரத்துக்கு 18 முதல் 22 வரை என்பது ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்லும் அளவு. பனி, தோட்டம், இருட்டு இருக்கிற படத்துக்கு 18 வையுங்கள். மேடைப் பேச்சு, ஆண்டு விழா மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் படத்துக்கு 21 தாராளம். முழுப் படத்தையும் போடும் முன் மோசமான காட்சி ஒன்றை மட்டும் ரெண்டு நிமிஷம் சுருக்கி டி.வி.யில் பாருங்கள்; லேப்டாப் திரையில் தெரியாத கட்டமெல்லாம் டி.வி.யில் தெரியும்.

அடுத்தது சீப்புப் பல் கோடு. பழைய கேமரா ஒரு படத்தை ஒரே சமயத்தில் எடுக்காது. ஒற்றைப்படை வரிசை ஒரு முறை, இரட்டைப்படை வரிசை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்து இன்னொரு முறை. பழைய டி.வி.க்கு அது பொருந்தியது. இன்றைய திரையில் அசைகிற பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் வெள்ளை உடையில் வட்டமாக ஆடுகிறவர்களின் கைவீச்சில் பாருங்கள், பளிச்சென்று தெரிந்துவிடும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் போட்டால் கோடு போகும். வழக்கமான முறை விநாடிக்கு 25 படம் தரும். 'பாப்' என்ற முறை 50 தரும். ஆட்டம், ஓட்டம் உள்ள படத்துக்கு 50-தான் அந்தக் காலத்து டி.வி.யில் பார்த்த அதே வழவழப்பைத் தரும், ஃபைல் கொஞ்சம் கூடும். மூலத்தைக் கைவசம் வைத்திருக்கவேண்டும் என்று நான் அடித்துச் சொல்ல இது ஒரு முக்கியக் காரணம். தவறாகக் கலந்து சுருக்கிவிட்ட கோடுகளைப் பிறகு பிரிக்க வழியில்லை. வி.சி.டி.யில் இந்தத் தொல்லை கிடையாது, பாதி வரிசையை எழுதும்போதே விட்டுவிட்டார்கள்.

ஹேண்டிகேம் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்யாண டி.வி.டி. பெரும்பாலும் ஒரே நீளப் படம். ஹேண்டிகேமிலோ ஒரே டிஸ்க்கில் பல படத் துண்டுகள் தனித்தனித் தலைப்புகளாக இருக்கலாம். ஹேண்ட்பிரேக் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், மற்றவை பட்டியலில் மடங்கிக் கிடக்கும். 10 விநாடிக்குக் குறைந்த துண்டுகளை, நாம் அமைப்பை மாற்றாத வரை, பட்டியலிலேயே காட்டாது. தாத்தா கேமராவைப் பார்த்துக் கையசைத்த துண்டு ஏழெட்டு விநாடிதான் இருக்கும்.

கொடுப்பதற்கு எந்த வழி? வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு முறை நசுக்கும். டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். ஆனால் குடும்ப க்ரூப்பில் 900 எம்பி போட்டுவிட்டு நல்ல பெயர் எடுத்தவர் யாரும் இல்லை. தாலி கட்டுகிற மூன்று நிமிஷத்தை வெட்டி அனுப்புங்கள், முழுப் படம் பென்டிரைவில் போகட்டும். யூடியூபில் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றலாம்தான். ஆனால் நம் கல்யாண வீடியோவில் முக்கால்வாசி நேரம் பின்னால் ஓடுவது சினிமாப் பாட்டு. உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும், சில பாட்டுக்கு வீடியோவையே மறைத்துவிடும். கூகுள் போட்டோஸில் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூனோடு போயிற்று. இப்போது மெயில் எல்லாம் சேர்த்து 15 ஜிபி, மூன்று ஐ.எஸ்.ஓ.வுக்குத்தான் வரும். ஏற்றும் வேகம் 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு முழு டி.வி.டி. ஏற இரண்டு மணி நேரம். எஸ்டேட் பக்கம் சிக்னல் தேடி மொட்டைப்பாறைக்குப் போகிறவர்களுக்கு இது ஆகாது. இரண்டு ஹார்ட்டிஸ்க் வாங்கி ஒன்றைக் கீழே கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கும் அக்கா வீட்டில் வைப்பதே மேல். மலையில் வைத்திருக்கும் ஹார்ட்டிஸ்க்கின் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

பென்டிரைவில் ஒரு தடங்கல் வரும். பழைய டி.வி. படிப்பதற்காக ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, இடம் எவ்வளவு காலி இருந்தாலும். மேக்எம்கேவியில் எடுத்த முழு நீளப் படம் அங்கேதான் மாட்டும். சுருக்கிய எம்பி4 ஏறிவிடும்.

நகல் எடுத்து முடிந்ததும் ஃபைலின் முதல் ஐந்து நிமிஷத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. விரல் படுவதும், உறையின் ஈரம் ஏறுவதும் விளிம்பில். டிஸ்க் நிறைய எழுதியிருந்தால் முகூர்த்தம் நன்றாக இருக்கும், ரிசப்ஷனும் குரூப் போட்டோவும் இருக்கும் கடைசிப் பகுதி திக்கும். கடைசிப் பத்து நிமிஷத்தை ஓட்டிப் பாருங்கள். திக்கினால் அதே டிஸ்க்கை வேறொரு ட்ரைவில் போட்டு மறுபடி எடுங்கள். ஒன்று படிக்காத இடத்தை இன்னொன்று படிப்பது உண்டு, பழைய டெஸ்க்டாப் கணினியின் ட்ரைவ் இதில் பலமுறை கைகொடுக்கும். ரெண்டிலும் வரவில்லை என்றால் டிஸ்க்கை உறையோடு வைக்காமல் கெட்டியான டப்பாவில் செங்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு, அதே கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த இரண்டாவது செட் சம்பந்தி வீட்டில் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.